மேட்சிங் கியாசுதீனும் மண்ணச்சநல்லூர் மலைப்பாம்பும்

“டியூப் லைட்டை அணைங்க மொதல்ல. வாசலுக்குக் கொண்டாங்க. பக்கத்துல ஒரு வெள்ளைத் துணியைப் போடுங்க. வேட்டி, கைக்குட்டை, எதுன்னாலும் சரி. நீலம் முக்குன வெள்ளை மட்டும் வேணாம்.”

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள், கியாசுதீனின் கைகள் ஒரு ஜாக்கெட் பிட்டை மேஜையில் அளந்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு கடி கடித்து, சர்ரென்று கிழித்து, மடித்தும் விடும். எதிரே நிற்கும் பெண்மணி, யாரோ புடவைக்கு மேட்சிங் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். எதிர்முனையில் இருப்பவரோ, கரூரிலோ புதுக்கோட்டையிலோ, ஒரு மலைப்பாம்பைக் கையில் ஏந்தியபடி தன் வீட்டு வாசலுக்கு நடந்துகொண்டிருப்பார்.

திருச்சி சின்னக்கடை வீதியில் ஒரு மேட்சிங் சென்டரில் முப்பத்தோரு வருடமாகக் கியாசுதீன் நிற்கிறார். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது. ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி. புடவையைப் பையிலிருந்து முழுதாக எடுக்கக்கூட விடமாட்டார். ஓரம் தெரிந்தால் போதும். “போதும், உள்ள வைங்க” என்று திரும்பி, பச்சை மட்டும் நாற்பத்தேழு அடுக்கியிருக்கும் அலமாரிக்குள் கையை விட்டு ஒன்றை உருவுவார். அது சரியாகத்தான் இருக்கும். வாங்க வந்தவர் சந்தேகப்பட்டால் அவருக்குக் கோபம் வராது. “நாலு கடை பாத்துட்டே வாங்கம்மா, நான் எங்க போயிடப் போறேன்” என்பார். அவர்களும் மலைக்கோட்டை வாசல் வரை ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வருவார்கள். அப்போது அவர் முகத்தில் வருகிற சிரிப்பை அந்த வீதியில் யாருக்கும் பிடிக்காது.

பாம்பு அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஆறு வருடத்துக்கு முன், ஓர் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருக்கும் மாதவன், அம்மாவுக்கு மேட்சிங் எடுக்க வந்து, இரண்டு மணி நேரம் நின்று நொந்துபோய், போனில் யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள்.

“தம்பி, தப்பா நெனைக்காதீங்க, எட்டிப் பாத்துட்டேன்” என்றார் கியாசுதீன். “இது எலுமிச்சை மஞ்சள். அது மாம்பழ மஞ்சள். ரெண்டும் ஒன்னுன்னு எவன் சொன்னான்?”

“பாய், இது துணி இல்ல. பாம்பு.”

“பாம்போ பனாரஸோ, மஞ்சள் மஞ்சள்தானே தம்பி?”

சொல்லிவிட்டுத்தான் படத்தில் இருப்பது என்னவென்று சரியாகப் பார்த்தார். அப்படியே இரண்டடி பின்னால் போய், பாப்ளின் துணி அடுக்கில் முதுகை இடித்துக்கொண்டார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. மாதவன் அந்த இரண்டு பாம்புகளையும் பற்றி விசாரித்தபோது அவர் சொன்னபடியே இரண்டும் இரண்டு வகை என்று தெரிந்தது. அன்று சாயங்காலமே கியாசுதீனின் எண் ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்க்கப்பட்டது. திருச்சி வட்டாரத்தில் அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்து பாம்பு வளர்க்கும் முப்பத்தெட்டுப் பேர் அதில் இருந்தார்கள். மாதவன்தான் அதற்குத் தலைவர். பாம்பு வளர்க்காமல் அதில் இருப்பவர் கியாசுதீன் ஒருவரே.

இவர்கள் வளர்ப்பது பால் பைத்தான் என்கிற ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு. நாலடிதான் இருக்கும், விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் வைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். பெயரே அதனால் வந்ததுதான். காட்டில் பிறந்தது என்றால் கருப்பும் பழுப்பும் மட்டும். வீட்டில் இனம் சேர்த்துச் சேர்த்து இப்போது நூற்றுக்கணக்கான நிறங்கள், கோலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வளர்ப்பவர்களுக்குள் நடக்கும் சண்டைகளில் பாதி, இது எந்த வகை என்பதுதான். அந்தச் சண்டைகளையெல்லாம் ஆறு வருடமாகத் தீர்த்துவைப்பது இந்த ஜாக்கெட் துணிக்காரர்.

அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. அவர்கள் பனானா என்பதை இவர் “வாழைப்பழத்துல கத்திரிப்பூ தெளிச்சது” என்பார். உடம்பில் பாதி வெறும் வெள்ளையாக இருக்கும் பைபால்ட் என்ற விலை உயர்ந்த வகை அவருக்கு “பாதியில சாயம் தீந்துபோனது.” ஒருவர் பெருமையாக அனுப்பிய காப்பிப்பொடி நிறப் பாம்பைப் பார்த்து, “இந்தக் கலர்ல போன வருஷம் லைனிங் துணி வந்துச்சு, போகவே இல்லை” என்று பதில் போட்டுவிட்டார். அந்த மனிதர் ஒரு மாதம் குழுவில் பேசவில்லை. பாம்பு என்ற சொல்லை மட்டும், அந்த முதல் நாளுக்குப் பிறகு, அவர் வாயால் சொல்வது கிடையாது. எல்லாமே ‘பீஸ்’தான். “பீஸ் சாப்டுச்சா? பீஸ் நல்லாருக்கா? பீஸை வாசல்லயே விட்டுட்டுப் போயிடாதீங்க.” நேரில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்க்கும் உத்தேசமும் இல்லை.

வீட்டில் இது தெரிந்த விதம்தான் விபரீதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். “நேத்து அனுப்புனதுல பாதி மறைஞ்சிருந்துச்சு. முழு உடம்பும் தெரியற மாதிரி, நல்ல வெளிச்சத்துல எடுத்து அனுப்புங்க. வெக்கப்படாதீங்க, நான் யாருக்கும் காட்டமாட்டேன்.” சமையலறையில் தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆபிதா அப்படியே வந்து போனைப் பிடுங்கினார். சரியாக அந்த நேரத்தில் தஞ்சாவூர்க்காரர் முழு உடம்பையும் அனுப்பிவிட்டார். போன் மாவுச் சட்டிக்குள் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து மூச்சு சீரானதும் ஆபிதா சொன்னார்: “வேற ஏதாவதா இருந்திருந்தாக்கூட நான் மன்னிச்சிருப்பேங்க.”

ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் தவறாகச் சொன்னதில்லை என்பது குழுவின் பெருமை. அதைவிடப் பெரிய பெருமை அவருக்கு. கடையில் முப்பத்தோரு வருடமாக எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சரியாகக் கொடுத்திருக்கிறார். யாரும் “பாய், அந்த ஜாக்கெட் சரியா இருந்துச்சு” என்று திரும்பி வந்து சொன்னதில்லை. சரியாக இருந்தால் யார் சொல்வார்கள்? குழுவில் அப்படி இல்லை. அவர் ஒன்று சொன்னால் முப்பது பேர் கை கூப்புவார்கள், கட்டை விரல் தூக்குவார்கள், பூங்கொத்து போடுவார்கள். மனிதருக்கு அது பிடித்துப்போய்விட்டது. தீர்ப்பைச் சொல்லிவிட்டு, கடைசியில் “ஷேடு பேசிடுச்சு” என்று ஒரு முத்திரையும் குத்தப் பழகிவிட்டார். அந்த முத்திரையில்தான் போன மாசி மாதம் மாட்டிக்கொண்டார்.

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் இருக்கும் வைஷ்ணவி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அவருடைய அம்மா ஆனந்தவள்ளி இருபது வருடமாகக் கியாசுதீனிடம்தான் ஜாக்கெட் துணி எடுக்கிறார். வைஷ்ணவியிடம் ஒரு பெண் பாம்பு ஐந்து வருடமாக இருந்தது. பொன் மஞ்சள், நடுநடுவே வெல்லப் பாகு நிறம். பெயர் அக்காரவடிசில், பெருமாள் கோயில் சர்க்கரைப் பொங்கல். கூப்பிடுவது வடிசில் என்று. முதன்முதலில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வைஷ்ணவி அப்பாவிடம் வாதாடினார்: “பெருமாளே பாம்பு மேலதான் சயனிச்சிண்டிருக்கார். நம்மாத்துல ஒன்னு இருந்தா என்னப்பா?”

“அவர் சயனிச்சிண்டிருக்கறது கோயில்ல. நான் சயனிக்கிறது ஆத்துல” என்றார் அப்பா.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வடிசில் வீட்டில் இருக்கலாம். ஆனால் அது சாப்பிடுகிற எலி, உயிரோடோ உறைந்தோ, வாசல்படி தாண்டக் கூடாது. எனவே பத்து நாளைக்கு ஒருமுறை வடிசில் ஒரு மூடி போட்ட கூடையில், ஸ்கூட்டரில், காவிரியைத் தாண்டிப் பொன்மலைக்குச் சாப்பிடப் போகும். அங்கே வைஷ்ணவியின் தோழி பெலிண்டா பின்கட்டை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். கூடை உள்ளே வந்ததும் பெலிண்டா படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். கூடை போன பிறகுதான் வெளியே வருவார். ஐந்து வருடத்தில் தன் வீட்டில் நூற்றெண்பது முறை சாப்பிட்ட விருந்தாளியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

தை மாதம் ஒரு முகூர்த்த நாளில், சாப்பிட்டுத் திரும்பும் வழியில், மாம்பழச்சாலைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைஷ்ணவி வண்டியை நிறுத்தினார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தார். தாம்பூலப் பையோடு திரும்பி வந்தபோது கூடையின் மூடி திறந்திருந்தது. மண்டபத்துக்கு அரிசி இறக்கிவிட்டு லாரி ஒன்று அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. கல்யாண வீட்டில் “என் பாம்பைப் பார்த்தீர்களா” என்று கேட்க முடியுமா? “மஞ்சள்ல ஒரு பெல்ட் விழுந்துடுத்து, யாராவது பாத்தேளா?” என்று பந்தி பந்தியாகக் கேட்டிருக்கிறார். இரண்டு மாமிகள் அனுதாபப்பட்டுத் தேடியும் கொடுத்தார்கள். இரவு வீட்டுக்கு வந்து, வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பதினெட்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் அப்பாவே சட்டையை மாட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, மண்டபத்துச் சாக்கடை ஓரமெல்லாம் பார்த்துவிட்டு வந்தார்.

பத்தொன்பதாம் நாள், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் எலிகள் குறைந்துவிட்டதைக் கவனித்தார்கள். மறுநாள் சாக்கு அடுக்கை நகர்த்தியபோது காரணத்தையும் கவனித்தார்கள். மாதவனுக்குத் தகவல் வந்து, அவர் போய் எடுத்துவந்தார். தவிட்டுத் தூசியைக் கழுவித் துடைத்து, வாசல் வெளிச்சத்தில், வெள்ளை வேட்டி பக்கத்தில் போட்டு, முறைப்படி படம் எடுத்துக் குழுவில் போட்டார். நான்கே நிமிடத்தில் வைஷ்ணவி எழுதினார்: ‘இது என் வடிசில்.’

படத்தில் இருந்தது சாம்பல் நிறப் பாம்பு.

எடமலைப்பட்டி புதூரில் செல்போன் கடை வைத்திருக்கும் சுரேஷ்குமாரும் குழுவில் உண்டு. அவருக்குக் கை பரபரத்தது. மஞ்சளே இல்லாத சாம்பல் வகை ஒன்று உண்டு, கிடைப்பது அபூர்வம். மூன்று வருடமாக அவர் அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தார். “மாம்பழச்சாலைல தொலைஞ்சது கொள்ளிடத்தை நீந்தியா போச்சு? யாருதும் இல்லைன்னா நான் வெச்சு வளக்கறேன்” என்றார். எல்லோரும் சேர்ந்து கியாசுதீனைக் கேட்டார்கள்.

கியாசுதீன் மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்து, கடை வாசலில் நின்று, இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வைஷ்ணவியைப் போனில் கூப்பிட்டார். “இதுல மஞ்சள் வாடையே இல்லைம்மா. உங்க பீஸ் நெய் விட்ட சக்கரைப் பொங்கல். இது அடுப்புச் சாம்பல்.”

“தோலுரிக்கப் போறது மாமா, அதான் மங்கலா இருக்கு. உரிச்சா பழைய கலர் வந்துடும்.”

“கண்ணு தெளிவா இருக்குன்னு சுரேஷ் தம்பி சொல்றாரே? தோலுரிக்கிறதுன்னா கண்ணு பால் மாதிரி ஆயிடும்னு நீங்கள்லாம்தானே சொல்லுவீங்க?”

“கண்ணு தெளிஞ்சதுக்கு அப்புறமும் நாலஞ்சு நாள் ஆகும் மாமா. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோளேன்.”

பொறுத்திருக்கலாம். குழுவில் ஓரிருவருக்குக்கூட அப்படித்தான் தோன்றியது. ஆனால் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. “சாயம் போனது போனதுதாம்மா” என்றார். “வெளுத்த துணி திரும்பக் கலராகி எங்கயாவது பாத்திருக்கீங்களா? முப்பத்தோரு வருஷத்துல எனக்கு ஒன்னு வந்ததில்லை. இது வேற பீஸ். மனசைத் தேத்திக்கங்க.” குழுவில் முத்திரையும் குத்தினார். முப்பத்து நான்கு பூங்கொத்துகள் விழுந்தன. சுரேஷ்குமார் அன்றே கூடையோடு போய்ப் பாம்பை வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை சுரேஷ்குமாரிடமிருந்து ஒரு படம். பக்கத்தில் வெள்ளைக் கைக்குட்டை. கீழே, காகிதம்போல் உரிந்து கிடந்த தோல். மேலே, நெய் விட்ட சர்க்கரைப் பொங்கல். ‘பாய், உங்க சாம்பல் தங்கமாயிடுச்சு’ என்று எழுதியிருந்தார். கியாசுதீன் முதலில் போனைக் குறை சொன்னார். பிறகு கைக்குட்டையைக் குறை சொன்னார். பிறகு மாதவனைக் கூப்பிட்டு மெல்லிய குரலில், “தம்பி, பீஸுக்குக் கலர் திரும்பி வருமா?” என்று கேட்டார். வருடத்துக்கு ஏழெட்டு முறை வரும் என்றார் மாதவன்.

அன்று கடையில், ஒரு பெண்மணி கொண்டுவந்த சாதாரண மயில்கழுத்துப் புடவையை முழுதாகப் பிரிக்கச் சொல்லி, வாசலுக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாலு கடை பாத்துட்டே வாங்கம்மா” என்றார். அந்தப் பெண்மணி திரும்பி வரவில்லை.

வைஷ்ணவி பாம்பைக் கேட்டார். சுரேஷ்குமார் கெட்டவர் அல்ல. ஆனால் ஐந்து நாளில் அவருக்கு அதன் மேல் பாசம் வந்துவிட்டது. “தங்கக் கலர் ஊர்ல எத்தனையோ இருக்கு. பாய் அன்னிக்கு இல்லைன்னு சொன்னாரு. அவரு சொன்னா மாறாது” என்று அவர் பெயரையே கேடயமாகப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் ஒரு நண்பரிடம் நல்ல ஆண் பாம்பு இருக்கிறதாம்; ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் ஆறு மாதத்துக்கு அங்கேயே விட்டுவிடப் போகிறாராம். வேறு வழியில்லாமல், சனிக்கிழமை மதியம் இருவரையும் கியாசுதீனின் கடைக்கு வரச் சொன்னார் மாதவன்.

பாம்பு வெளியே சுரேஷ்குமாரின் பைக்கில், வேப்ப மர நிழலில், கூடைக்குள் தலையணை உறையில் இருந்தது. கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது கியாசுதீனின் ஒரே நிபந்தனை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையின் கோடியில் இருந்த ஆளுயரக் கண்ணாடிக்கு முன் ஓர் அம்மாள் வாடாமல்லிப் புடவையைத் தோளில் போட்டு, மூன்று துணிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கலரை விடுங்க பாய், அது மாறும். டிசைன் மாறாது. ஒன்னு மாதிரி இன்னொன்னு கிடையாது” என்றார் மாதவன்.

பால் பைத்தானின் விலாவில் கோலம் கோலமாகத் திட்டுகள் இருக்கும். ஒவ்வொரு திட்டுக்குள்ளும் கண் மாதிரி இரண்டு புள்ளிகள். வடிசிலுக்குக் கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு திட்டில் மட்டும் மூன்று புள்ளிகள் உண்டு என்றார் வைஷ்ணவி. சுரேஷ்குமாரின் படத்தில் அதே இடத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. இடது விலாவில். வைஷ்ணவியிடம் இருந்த படங்களில் எல்லாம் பாம்பு பந்தாகச் சுருண்டு கிடந்தது. விலா நீளமாகத் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான்: போன நவராத்திரியில், அரக்குப் புடவை கட்டிக்கொண்டு, வடிசிலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, தானே கையை நீட்டி எடுத்த செல்ஃபி. அதிலும் மூன்று புள்ளிகள் இருந்தன. ஆனால் வலது விலாவில்.

மாதவன் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்.

“எனக்கு இடப்பக்கம்னுதான் ஞாபகம்” என்றார் வைஷ்ணவி. “அஞ்சு வருஷமா இந்தக் கையால தடவிண்டிருக்கேன். ஆனா போட்டோல வலப்பக்கம் இருக்கே… எனக்கே ஒன்னும் புரியலை.”

“பாத்தீங்களா?” என்றார் சுரேஷ்குமார். “ஷேடு மாறுனாலும் பாய் சொன்னது மாறல. வேற பீஸுதான்.”

உரிந்த தோலின் படம் வந்ததிலிருந்து கியாசுதீனை அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் தீர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். ஆறு வருடப் பெயர் அப்படியே இருக்கிறது. வழி எதுவாக இருந்தால் என்ன, முடிவு சரி. சிரிப்புகூட வந்தது. கண்ணாடிக்கு முன் நின்ற அம்மாள், “அண்ணே, இது எடுக்குமா பாருங்க” என்றார். “வரேம்மா” என்று சொல்லிவிட்டு, போனைத் திருப்பித் தருவதற்கு முன், தொழில் புத்தியில் அந்த அரக்குப் புடவையை மறுபடி ஒரு பார்வை பார்த்தார். அந்த ஜாக்கெட் துணி அவர் கிழித்துக் கொடுத்ததுதான். நன்றாகச் சேர்ந்திருந்தது.

புடவையின் முந்தி வலது தோளில் கிடந்தது.

அவர் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. இருபது வருடமாக ஆனந்தவள்ளி அம்மாவையும் அவர் மகளையும் பார்க்கிறார். இந்த வீதியில் நாளைக்கு இருநூறு பெண்களைப் பார்க்கிறார். யார் முந்தியை வலது தோளில் போடுகிறார்கள்? முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி, இந்த போன் இடப்பக்கத்தை வலப்பக்கமாகவும் வலப்பக்கத்தை இடப்பக்கமாகவும் மாற்றிப் படம் எடுத்திருக்கிறது. முந்தி மாறியிருந்தால் புள்ளியும் மாறியிருக்கும். வெளியே கூடைக்குள் இருப்பது வடிசில்தான்.

மாதவனைப் பார்த்தார். மாதவன் புள்ளிகளை நினைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். சுரேஷ்குமார் கிளம்புவதற்கு ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டார். பாம்பு பிடித்தவர்கள் பாம்பைத்தான் பார்த்தார்கள். புடவையை யாரும் பார்க்கவில்லை. இனிமேலும் பார்க்கப் போவதில்லை. இவர் வாயைத் திறக்காவிட்டால் இது இந்தக் கடைக்குள்ளேயே முடிந்துபோகும்.

வைஷ்ணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுரேஷ்குமார் பக்கம் திரும்பினார். “சரி. நீங்களே வெச்சுக்கோங்கோ. யாரோடதா இருந்தா என்ன, பாவம். பயணத்துக்கு முன்னாடி சாப்பிடக் கொடுக்காதீங்கோ, கக்கிடும். தலை மேல கையை வெச்சா பிடிக்காது, முதுகுலேர்ந்து மெதுவா எடுக்கணும். என்னோடதுக்கு அப்படித்தான். இதுக்கும் அப்படியே இருக்கலாம்.”

பிறகு கியாசுதீனிடம் போனுக்காகக் கையை நீட்டினார். “உங்களுக்குத்தான் சிரமம் மாமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

கியாசுதீன் போனைக் கொடுக்கவில்லை. மேஜையின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கடைக்குள் நீள நடந்துபோய், வாடாமல்லிப் புடவை அம்மாளிடம், “கொஞ்சம் நகந்துக்கங்கம்மா” என்றார். அந்த அம்மாள் முறைத்துக்கொண்டே நகர்ந்தார்.

“எல்லாரும் இங்க வாங்க. பீஸைப் பாக்காதீங்க, முந்தியைப் பாருங்க.”

போனின் முகத்தை ஆளுயரக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பினார். கண்ணாடிக்குள் அரக்கு முந்தி இடது தோளுக்கு வந்தது, மூன்று புள்ளிகள் இடது விலாவுக்கு வந்தன. முதலில் வைஷ்ணவியிடமிருந்துதான் சத்தம் வந்தது. கியாசுதீன் திரும்பிப் பார்க்கவில்லை. போனைத் தாழ்த்தவும் இல்லை. சுரேஷ்குமாரும் வந்து நின்று நன்றாகப் பார்க்கட்டும் என்று, கண்ணாடிக்கு நேராகவே பிடித்துக்கொண்டு நின்றார்.